ஹாலோகிராம் வைக்கும் முன் வாசலைப் பாருங்கள்

கல்யாண வரவேற்பு, கடை திறப்பு விழா, கண்காட்சி என எங்கே போனாலும் இப்போது ஆளோ பொருளோ அந்தரத்தில் நிற்பதுபோல் காட்டும் ‘ஹாலோகிராம் வேண்டும்’ என்கிறார்கள். மேடை ஒளியமைப்புதான் என் தொழில். கேட்பவர்களிடம் உண்மையைச் சொல்லிவிடுவேன்: விஞ்ஞானி டென்னிஸ் காபோர் கண்டுபிடித்து 1971-இல் நோபல் பரிசு பெற்ற ஹாலோகிராம் வேறு, மேடைக்கு வருவது வேறு. இது 1862-இல் லண்டனில் ஜான் பெப்பர் காட்டிய கண்ணாடி வித்தை. கண்ணாடிக்குப் பதில் ஒளி ஊடுருவும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை (ஃபாயில்) 45 டிகிரி சாய்த்து விறைப்பாக இழுத்துக் கட்டுகிறோம். கண்ணுக்கு மறைவாகக் கிடத்திய எல்இடி திரையின் பிம்பம் அதில் பட்டு, ஆள் அந்தரத்தில் நிற்பதுபோலத் தெரியும். 2012 கோச்செல்லா இசை விழாவில், இறந்து பல வருடமான அமெரிக்க ராப் பாடகர் டூபாக் ஷகூர் மேடையேறியது இந்த வித்தையால்தான்.

இதற்கு நல்ல இருட்டு வேண்டும். என் பயமே அந்த இருட்டுதான்.

ஒரு வரவேற்பில், காலமான அப்பா மணமகளை வாழ்த்துவதுபோல் காட்சி. ஒத்திகையில் அவர் தோளுக்கருகே பச்சையாக ஒரு கட்டம் மிதந்தது. ஃபாயிலுக்குப் பின்னால், மேடைப் பின்வாசலின் ‘வெளியேறும் வழி’ விளக்கு! யாரோ ஏணி போட்டு அதில் கறுப்புத் துணியைச் சுற்றிவிட்டார்கள். பின்திரையையும் அந்த வாசலை மறைத்து இறக்கியிருந்தார்கள். அவிழ்க்கச் சொன்னேன். “ரெண்டே நிமிஷம்தானே சார்” என்றார்கள். தீப்பிடிக்க அது போதும். பிம்பத்தை நாலடி தள்ளி வைத்தோம். விளக்கும் எரிந்தது, அப்பாவும் வந்தார். மணமகள் அழுததைப் பார்த்து எனக்கும் கண் கலங்கியது. இந்தத் தொழில்நுட்பத்தின் அருமை எனக்குத் தெரியும். அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன். ஃபாயில் தீ எளிதில் பற்றாத ரகமா, சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்டு வாங்கிப் பாருங்கள்.

கடைகளில் அந்தரத்தில் சுழலும் நெக்லஸ் இன்னும் எளிமையானது. எல்இடி பதித்த விசிறி இறக்கைகள் வேகமாகச் சுற்றும்போது படம் மட்டும் தெரியும், இறக்கை தெரியாது. குழந்தைக்கு அது பிடித்துப் பார்க்க வேண்டிய பொம்மை. மூடி இல்லாமல், இடுப்பு உயர மேசையில் அது ஓடுவதைப் பலமுறை பார்த்துவிட்டேன். அக்ரிலிக் மூடி போடச் சொல்லுங்கள். இல்லையென்றால் பெரியவர்களுக்கும் கை எட்டாத உயரத்தில் மாட்டச் சொல்லுங்கள்.