‘மடிப்பு இரும்பு’ வேண்டாம், அடுக்கெஃகு என்போம்

தமிழ்க் குரலில் வரும் கத்தி அடிக்கும் போட்டிகளிலும், பட்டறைக் காணொளிகளுக்கு அடியில் ஓடும் தமிழ் வரிகளிலும் ‘மடிப்பு இரும்பு’ என்ற சொல் திரும்பத் திரும்ப வருகிறது. டமாஸ்கஸ் ஸ்டீலுக்கு அதுதான் தமிழ் என்று பலர் நம்பத் தொடங்கிவிட்டார்கள். அண்மையில் சமையல் கத்தி விளம்பரம் ஒன்றிலும் அதையே பார்த்தேன். இப்படியே விட்டால் நாளைக்கு அகராதியிலும் ஏறிவிடும். இரண்டு சொல் சேர்ந்த பெயர் இது. இரண்டுமே பிழை.

மூலப் பெயரின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். டமாஸ்கஸ் சிரியாவின் தலைநகர். காற்றடிக்கும் குளத்தில் எழுகிற நெளிவுகள் போல உடலெங்கும் வரியோடிய வாள்களை ஐரோப்பியர்கள் அந்த ஊரோடு சேர்த்துப் பேசினார்கள். ஊர்ப்பெயர் எஃகுக்கும் ஒட்டிக்கொண்டது. வாளாக அடிக்கப்பட்ட கட்டிகள் பெருமளவு தென்னிந்தியாவிலிருந்து போனவை. தெலங்கானாவின் கோனசமுத்திரத்துக்குப் பாரசீக வணிகர்கள் நேரிலேயே வந்து கட்டி வாங்கிப் போயிருக்கிறார்கள்.

சிக்கல் எங்கே என்றால், இன்று அந்த ஒரே பெயரில் இரண்டு பொருள்கள் உலவுகின்றன. பழையது, மூசையில் (உலோகம் உருக்கும் மண்கலத்தில்) உருக்கி எடுத்த ஒற்றைக் கட்டியை அடித்துச் செய்தது. மற்றது, இரண்டு வகை எஃகுத் தகடுகளை மாற்றி மாற்றி அடுக்கி, உலையில் காய்ச்சி, அடித்து ஒன்றாக்கியது. இந்த இரண்டாவது வேலைக்கும் நீண்ட வரலாறு உண்டு. இங்கிலாந்தின் சட்டன் ஹூவில் 1939-இல் தோண்டி எடுத்த வாள் முறுக்கிய கம்பிகளை அடித்து இணைத்துச் செய்ததுதான். 19-ஆம் நூற்றாண்டில் வேட்டைத் துப்பாக்கிக் குழாய்களையும் இந்த முறையில் செய்து டமாஸ்கஸ் என்று விற்றார்கள். 1973-இல் அமெரிக்காவின் மேரிலாந்தைச் சேர்ந்த கத்திக் கொல்லர் வில்லியம் மோரன் இப்படி அடித்த கத்திகளைக் கண்காட்சிக்குக் கொண்டுவந்தார். அதன்பிறகு கத்தி உலகில் டமாஸ்கஸ் என்றாலே இதுதான்.

முதலில் ‘இரும்பு’. நம் ஊர்க் கொல்லர் யாரிடமாவது கத்தி செய்யக் கொடுத்துப் பாருங்கள், அது இரும்பா எஃகா என்பதில்தான் பேச்சே தொடங்கும். வெறும் இரும்புக்கு எவ்வளவு தோய்ச்சல் கொடுத்தாலும், அதாவது காய்ச்சி நீரிலோ எண்ணெயிலோ முக்கினாலும், கூர் நிற்காது. கரிச்சத்து ஏறிய எஃகுதான் தோய்ச்சலில் கடினப்படும். டமாஸ்கஸ் கத்திக்கு அமெரிக்கக் கொல்லர்கள் விரும்பி எடுக்கும் 1084 எஃகில் ஏறக்குறைய 0.84 சதவீதம் கரி இருக்கிறது. அதை இரும்பு என்பது கத்தியையே மறுப்பது. வள்ளுவர் பகைவரின் செருக்கை அறுக்கும் கருவியாகப் பொருளைச் சொல்லும்போது ‘எஃகு’ என்றுதான் சொன்னார் (759-ஆம் குறள்). கூருக்கும் படைக்கலத்துக்கும் வழங்கிவந்த சொல் அது. கையில் இருக்கும்போது ஏன் விடவேண்டும்?

அடுத்தது ‘மடிப்பு’. இதைச் சொல்கிறவர்கள் வேலையைச் சரியாகப் பார்க்கவில்லை, அல்லது ஜப்பானிய வாளைப் பார்த்துவிட்டு இங்கே ஒட்டவைக்கிறார்கள். ஜப்பானியக் கொல்லர் தன் எஃகை உண்மையாகவே மடிக்கிறார். கசடு வெளியேறவும் கரி சீராகப் பரவவும் பட்டையை வெட்டுப்போட்டு, பாதியாக மடித்து, மறுபடி அடிக்கிறார். அங்கே மடிப்பு பொருத்தமான சொல். ஆனால் இன்றைய டமாஸ்கஸ் பட்டறையில் நடப்பது வேறு.

1084 தகடும், ஏறத்தாழ 2 சதவீதம் நிக்கல் கலந்த 15என்20 தகடும் மாறி மாறி அடுக்கப்படுகின்றன. அடுக்குவதற்கு முன் ஒவ்வொரு தகட்டின் முகத்தையும் தேய்த்து, துருவும் எண்ணெய்ப் பிசுக்கும் இல்லாமல் எடுத்துவிட வேண்டும். அடுக்கு உலைக்குள் போய்ச் சிவந்ததும் வெங்காரத்தைத் தூவுகிறார்கள். அது உருகி இடுக்கெல்லாம் பரவி, காற்று பட்டுச் செதில் கட்டாமல் காக்கிறது. நிறம் சிவப்பு கடந்து வெளிர் மஞ்சளுக்கு வரும்போது, ஏறக்குறைய 1,250 டிகிரி செல்சியஸில், வெளியே எடுத்துப் பட்டறைக்கல்லில் வைக்கிறார்கள். முதல் அடிகள் பலமாக விழவே கூடாது. தகடுகள் இன்னும் ஒட்டவில்லை, ஓங்கி அடித்தால் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிவிடும். அளவாக, வரிசையாக அடிக்கும்போது உருகிய வெங்காரம் பக்கவாட்டில் தெறிக்கிறது. அப்புறம் கொல்லர் அடுக்கின் விளிம்பைக் கூர்ந்து பார்க்கிறார். ஒட்டாத இடம் இருந்தால், சூடு தணியத் தணிய அங்கே ஒரு கருங்கோடு தெரியும். அந்தக் கோடு தெரிந்தால் திரும்பவும் வெங்காரம், திரும்பவும் உலை.

ஒட்டிய கட்டியை நீட்டுகிறார்கள். நீட்டியதை வெட்டுகிறார்கள். வெட்டிய துண்டுகளின் முகத்தைத் தேய்த்து மீண்டும் அடுக்குகிறார்கள். 20 அடுக்கை நான்காக வெட்டி அடுக்கினால் 80. அதை நான்காக வெட்டி அடுக்கினால் 320. கத்திக் கொல்லர்களின் சங்கமான அமெரிக்கன் பிளேட்ஸ்மித் சொசைட்டியில் மாஸ்டர் பட்டத்துக்கான தேர்வில், குறைந்தது 300 அடுக்குள்ள கத்தியை அடித்து, அந்தக் கத்தியால் தொங்கும் கயிற்றை ஒரே வீச்சில் அறுத்து, மரக்கட்டையை வெட்டி, அதன்பின்னும் கையிலுள்ள மயிரைச் சிரைத்துக் காட்டி, கடைசியில் அதையே 90 பாகைக்கு வளைத்துக் காட்ட வேண்டும். ஒரே ஒரு இடத்தில் ஒட்டு சரியில்லை என்றாலும் அந்த வளைவில் பிளந்துவிடும். இத்தனை உழைப்பிலும் மடிப்பு கட்டாயம் இல்லை. மடிக்கிற கொல்லர்களும் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் சூட்டிலேயே மடித்தால் உள்முகத்தைத் தேய்த்துச் சுத்தம் செய்ய வழியில்லை என்பதால் பலரும் வெட்டி அடுக்குவதையே விரும்புகிறார்கள்.

வரிகளும் மடிப்பால் வருபவை அல்ல. அடுக்கிய கட்டியைக் கம்பியாக்கி முறுக்கித் தேய்த்தால் ஒரு வரி. பட்டையின் குறுக்கே பள்ளங்கள் வெட்டி, அடித்துச் சமமாக்கினால் ஏணிப்படி வரி. ‘மடிப்பு’ இவற்றில் எதையும் சொல்லவில்லை. போதாக்குறைக்கு, கடையில் ‘மடிப்பெஃகுக் கத்தி’ என்று கேட்டால் மடக்குக் கத்தியைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். பழங்கள் வெட்டப் பையில் வைத்துக்கொள்ளும் கத்தியையும், ஒரு கொல்லர் நாள்கணக்கில் உலையடியில் நின்று அடித்த கத்தியையும் ஒரே சொல்லால் குழப்புவது எந்த வகை மொழிபெயர்ப்பு?

‘மடிப்பு இரும்பு’ பிடிக்காத இன்னொரு தரப்பு ‘வூட்ஸ் எஃகு’ என்கிறது. மூசையில் உருக்கிய பழைய தென்னிந்திய எஃகுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் அது. இது எனக்கு இன்னும் அதிகமாக வலிக்கிறது. வூட்ஸ் எங்கிருந்து வந்தது? கன்னடத்திலும் தெலுங்கிலும் உக்கு, தமிழிலும் மலையாளத்திலும் உருக்கு. பம்பாயிலிருந்து லண்டனுக்குப் போன மாதிரிக் கட்டிகளை ஆராய்ந்து ஜார்ஜ் பியர்சன் 1795-இல் எழுதிய கட்டுரையில்தான் ‘வூட்ஸ்’ என்ற எழுத்துக்கூட்டு அச்சேறியது. உக்கு என்பதை யாரோ காதில் விழுந்தபடி எழுதியதன் விளைவு. பின்னால் மைக்கேல் ஃபாரடே ஆராய்ந்ததும் அந்தப் பெயரில்தான். அவர்களுக்கு வேறு வழி தெரியாது, சரி. நம் சொல்லை அவர்கள் சிதைத்து எழுதிய வடிவத்தை நாமே திரும்ப வாங்கி, கூடவே ‘எஃகு’ என்ற இன்னொரு சொல்லையும் மாட்டுவதற்கு என்ன தேவை? சேலம் உருக்காலை என்று பெயர்ப்பலகையே இருக்கிறது. இலங்கைத் தமிழர் இன்றும் ஸ்டீலை உருக்கு என்றே எழுதுகிறார்கள். தெலுங்கர்கள் விசாகப்பட்டினம் ஆலையை விசாக உக்கு என்கிறார்கள். வாழும் சொல்லை வைத்துக்கொண்டு பிழையான ஒலிபெயர்ப்பைத் தேடிப் போவது தூய்மையும் அல்ல, தெளிவும் அல்ல. ஆங்கிலக் கட்டுரையைத் திறந்து வைத்துக்கொண்டு வரிக்கு வரி பெயர்க்கிறவர்கள், கட்டுரை எந்தப் பொருளைப் பற்றியது என்று ஒரு நிமிடம் யோசித்தாலே இது நடக்காது.

‘அப்படியானால் எல்லாவற்றையும் உருக்கு என்று சொல்லிவிடலாமே’ என்று தனித்தமிழ் அன்பர்கள் சிலர் கேட்கிறார்கள். கூடாது. உருக்கு என்ற சொல் உருகுவதைச் சொல்கிறது. சேலம் பக்கத்துப் பழைய முறையில் இரும்புத் துண்டுகளோடு ஆவாரங்குச்சியும் எருக்கிலையும் போட்டு, மண் மூசையின் வாயை மண்ணாலேயே அடைத்து, துருத்தி ஊதினார்கள். உள்ளே எல்லாம் உருகி, கரி ஏறி, ஒற்றைக் கட்டியாக உறைந்தது. கொடுமணலிலும் மேல்சிறுவளூரிலும் இந்தத் தொழிலின் தடயங்கள் கிடைத்துள்ளன. அந்தக் கட்டியை அதிகம் சூடேற்றாமல் அடித்தால், உள்ளே இருக்கும் நுண்ணிய கார்பைடு மணிகள் வரிசை பிடித்து வரியாகின்றன. இம்மியளவு வனேடியம் போன்றவை கலந்திருப்பது அதற்குத் துணை என்று உலோகவியலாளர் ஜான் வெர்ஹோவனும் கொல்லர் ஆல் பெண்ட்ரேயும் சேர்ந்து செய்துகாட்டினார்கள். இதற்கு உருக்கு என்ற பெயர் அச்சாகப் பொருந்தும்.

இன்றைய டமாஸ்கஸ் கத்தியில் எஃகு உருகவே கூடாது. உருகினால் இரண்டு தகடும் கலந்து வரி அழிந்துபோகும். திண்மம் கலையாமல் இரண்டு முகங்களைச் சூட்டாலும் அடியாலும் பிரிக்க முடியாதபடி சேர்ப்பதுதான் அந்தக் கொல்லரின் திறமை. அதனால் அதை ‘அடுக்கெஃகு’ என்கிறேன். அடுக்கு என்பது தமிழில் செயலும்தான், அதன் விளைவும்தான். கொல்லர் அடுக்குகிறார், கத்தியில் அடுக்கு தெரிகிறது. முறுக்கினாலும் வெட்டினாலும், ஏன், மடித்தாலும்கூட அந்தச் சொல் பொய்யாகாது. பாரசீக வாளைப் பற்றி எழுதினால் உருக்கு, மோரன் வழிவந்த கத்தியைப் பற்றி எழுதினால் அடுக்கெஃகு. டமாஸ்கஸ் என்பது ஊர்ப்பெயராகவும் வணிகப் பெயராகவும் இருந்துவிட்டுப் போகட்டும்.

மலிவு விலையில் இணையக் கடைகளில் கிடைக்கும் சில ‘டமாஸ்கஸ்’ கத்திகளுக்கு இரண்டு பெயரும் கிடையாது. சாதாரணத் தகட்டின்மேல் லேசரால் வரி பொறித்தவை அவை. உண்மையான அடுக்கெஃகை வழவழவெனத் தேய்த்து வரியை மறைத்துவிட்டுப் பெரிக் குளோரைடு கரைசலில் முக்கினால், நிக்கல் உள்ள அடுக்கு வெளுப்பாக நிற்க, மற்றது கறுத்து, வரி அப்படியே திரும்ப எழும். பொறித்த வரி தேய்த்ததோடு போய்விடும். அதை விற்கிறவர்கள் ‘வரி பொறித்த கத்தி’ என்று எழுதட்டும்.