பழைய வினாத்தாள் திறந்தால்தான் லினக்ஸ் அலுவலக அறைக்குள் வரும்

பாலக்காடு மாவட்டம் சித்தூர், கொழிஞ்சாம்பாறை பக்கத்துத் தமிழ்வழிப் பள்ளிகளில் கட்டற்ற மென்பொருளை, அதாவது யாரும் பயன்படுத்தலாம், மாற்றலாம் என்ற உரிமத்தோடு வருவதை, புதிதாக அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பள்ளிக் கணினிக் கல்விக்காகக் கேரள அரசு 2001-இல் தொடங்கிய ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் 2017-இல் கைட் நிறுவனமானது. பிள்ளைகள் லேபில் தொடுவது லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளத்தைத்தான். ஆனால் நாலு சுவர் தள்ளி அலுவலக அறையில் பல இடங்களில் இன்னும் பழைய விண்டோஸ்தான் ஓடுகிறது. காரணம் பெரும்பாலும் தமிழ் எழுத்துரு.

அங்கும் லினக்ஸைக் கொண்டுபோக நினைப்பவர்கள், எச்.எம்.மிடம் உரிமம், சுதந்திரம் என்று பேச்சைத் தொடங்காதீர்கள். அவர் கேட்கப்போவது, "போன வருஷ அரையாண்டு வினாத்தாள் இதில் திறக்குமா?" என்பதுதான். நியாயமான கேள்வி. பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த கோப்பை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், 'அம்மா' இருக்க வேண்டிய இடத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஆங்கில எழுத்துகள் நிற்கும். கோப்புக்குள் தமிழே கிடையாது. ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் போர்த்தியிருக்கிறது, அவ்வளவுதான். பார்த்ததும் "லினக்ஸ் கெடுத்துவிட்டது" என்பார்கள். அந்த எழுத்துரு இல்லாத விண்டோஸிலும் இதே கதிதான் என்று அங்கேயே திறந்து காட்டிவிடுங்கள்.

தீர்வு இரண்டு கட்டம். பழைய கோப்புகளுக்கு அந்த எழுத்துருவின் டிடிஎஃப் கோப்பை லினக்ஸில் இருமுறை கிளிக் செய்து இன்ஸ்டால் கொடுத்தால் போதும், அப்படியே தெரியும். புதிய வினாத்தாள் எல்லாம் யூனிகோடில், அதாவது கோப்புக்குள்ளேயே தமிழ் எழுத்தாகப் பதியும் முறையில். அதற்கு ஐபஸ்-எம்17என் என்ற தட்டச்சுத் தொகுப்பை நிறுவி, உபுண்டு என்ற லினக்ஸ் வகையில் என்றால் செட்டிங்ஸில் கீபோர்டு பகுதிக்குப் போய் இன்புட் சோர்ஸில் தமிழ்99 விசைப்பலகை அமைப்பைச் சேருங்கள். டைப்ரைட்டிங் படித்த ஆசிரியர்களுக்குப் பழைய தட்டச்சுப்பொறி அமைப்பும் அதிலேயே உண்டு. எது கைவந்ததென்று முதலில் கேளுங்கள். பழகிய விரலை மாற்றச் சொன்னால் அன்றோடு முடிந்தது.

கட்டற்ற அலுவலகத் தொகுப்பான லிப்ரே ஆபிஸில் பலர் தவறவிடும் இடம் ஒன்று. அதன் ஆவணம் எழுதும் பகுதியான ரைட்டரில் தமிழுக்கான எழுத்துரு தனியாக வைக்கப்படுகிறது. டூல்ஸ், ஆப்ஷன்ஸ் என்று போய், முதலில் மொழிப் பகுதியில் சிடிஎல் (தமிழ் போன்ற சிக்கலான எழுத்துமுறைகளுக்கான பிரிவு) மொழியைத் தமிழ் என்று வைத்து, பிறகு ரைட்டர் பகுதியில் சிடிஎல் எழுத்துருவை நோட்டோ சான்ஸ் தமிழ் ஆக்குங்கள். இல்லாவிட்டால் ஆங்கிலம் ஓர் அளவிலும் தமிழ் வேறோர் அளவிலும் வந்து பக்கம் குலையும். அச்சகத்துக்கு பிடிஎஃப் மட்டுமே அனுப்புங்கள்.

லிப்ரே ஆபிஸ் விண்டோஸிலும் ஓடும் என்பதால் முதல் பருவத்தில் இயங்குதளத்தைத் தொடவே வேண்டாம். மதிப்பெண் பட்டியல், மதிய உணவுக் கணக்கு, சுற்றறிக்கை என்று அன்றாட வேலை அதில் நடக்கட்டும். மேக்ரோ (தானாக வேலை செய்யும் சிறு நிரல்) உள்ள எக்செல் தாள்கள் மட்டும் தகராறு செய்யும். அவற்றைத் தனியாகக் குறித்து வையுங்கள்.

அடுத்து 8 ஜிபி பென்டிரைவில் உபுண்டுவை ஏற்றி, நிறுவாமல் 'டிரை' முறையில் ஓட்டிப் பாருங்கள். வைஃபை, புரொஜெக்டர் ஒலி, பிரிண்டர் மூன்றும் ஆசிரியர் கண்முன் வேலை செய்ய வேண்டும். சிக்குவது பிரிண்டர்தான். சில எச்பி லேசர் மாடல்களுக்கு, லினக்ஸுக்கான எச்பி பிரிண்டர் மென்பொருளான எச்பிலிப்போடு கூடுதல் பிளக்கின் வேண்டும், அதை இறக்க இணையம் தேவை. கேனான் எல்பிபி 2900 வகைக்கு கேனானின் கேப்ட் டிரைவரைத் தனியாகப் போட வேண்டும், நேரம் எடுக்கும். பள்ளிக்குப் போகுமுன்பே மாடல் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

நிர்வாகத்திடம் செலவுக் கணக்கை இப்போது பேசலாம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பைக் கேட்கிறது, இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய பெரும்பாலான பிராசஸர்களை ஏற்பதில்லை. அந்தப் பழைய கணினியில் 4 ஜிபி ரேமோடு ஒரு எஸ்எஸ்டி மாற்றி, லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான லினக்ஸ் வகையைப் போட்டால் அலுவலக வேலைக்குத் தாராளம். கழற்றிய பழைய ஹார்டு டிஸ்க்கை அழிக்காமல் உறையில் போட்டு, ஆண்டுத் தேர்வு முடியும்வரை அலமாரியில் பூட்டி வையுங்கள். கருவூலம் கேட்கும் ஏதோவொரு கோப்பு அதில்தான் இருக்கும்.