கிரேன் கேமரா காட்டுவதும் காட்டாததும்

டவர் கிரேனின் கேபினில் 60 மீட்டர் உயரத்தில் அமர்ந்திருக்கும் ஆபரேட்டருக்கு, கட்டடத்தின் மறுபக்கம் இறங்கும் லோடு தளத்தின் விளிம்பைத் தாண்டியவுடன் கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது. அதன்பின் லோடைப் பார்த்து வழிகாட்டும் சிக்னல்மேனின், வாக்கிடாக்கியில் ஒலிக்கும் குரலை மட்டுமே நம்பி அவர் கிரேனை இயக்குகிறார். பிளைண்ட் லிஃப்ட் என்று நாங்கள் சொல்லும் இந்த நிலைக்காகத்தான் டிராலியிலோ (கிரேனின் நீண்ட கையில் முன்னும் பின்னும் ஓடும் வண்டி) கொக்கியிலோ கேமரா பொருத்தும் வழக்கம் பரவியது. தூக்கும் பணிகளை மேற்பார்வையிடுபவன் என்ற முறையில் அதை நான் வரவேற்கிறேன். ஆனால் அது காட்டாத ஒன்றும் உண்டு.

ஒருமுறை ஷட்டரிங் பலகைக் கட்டு ஒன்றை இறக்கியபோது, மானிட்டரில் அது தளத்தில் அமர்ந்துவிட்டதாகவே தெரிந்தது. ஆபரேட்டர் கட்டைத் தாங்கும் ஸ்லிங் கயிற்றைத் தளர்த்தத் தயாரானார். உண்மையில் கட்டு முழங்கால் உயரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது; அடியில் மரக்கட்டையைச் சரிசெய்ய லோடைக் கட்டி அவிழ்க்கும் ரிக்கர் ஒருவர் கையை நீட்டியிருந்தார். சிக்னல்மேனின் "நிறுத்து" என்ற சத்தம்தான் அந்தக் கையைக் காப்பாற்றியது. நேர் மேலிருந்து பார்க்கும் கேமராவுக்கு நீளமும் அகலமும் தெரியும், லோடுக்கும் தரைக்கும் இடையிலுள்ள உயரம் தெரியாது. நிழல் லோடை விட்டு விலகியிருக்கிறதா என்று பார்க்க ஆபரேட்டர்களுக்கு இப்போது சொல்லித்தருகிறேன் என்றாலும், உச்சி வெயிலிலும் மேகமூட்டத்திலும் அந்த உபாயம் பலிக்காது.

அடுத்தது தாமதம். கொக்கி நிமிடத்துக்கு 60 மீட்டர் வேகத்தில் இறங்கினால் நொடிக்கு ஒரு மீட்டர் நகர்கிறது. வயர்லெஸ் படம் 0.2 நொடி பிந்தி வந்தால், ஆபரேட்டர் பார்ப்பது 20 சென்டிமீட்டர் பழைய காட்சி. இதை அளக்கச் சிறப்புக் கருவி எதுவும் வேண்டாம். ஓடும் ஸ்டாப்வாட்சைக் கேமராவின் முன் பிடித்து, அதையும் மானிட்டரையும் ஒரே புகைப்படத்தில் எடுத்தால், இரண்டு எண்களின் வித்தியாசமே தாமதம். படம் உறைந்து நின்றுவிடுவது இதைவிட ஆபத்தானது, ஏனெனில் லோடு அசையாமல் இருப்பதுபோலவே அது தோற்றமளிக்கும். கேமராவிலிருந்தே வரும் நொடிமுள் போன்ற ஏதேனும் அசைவு திரையின் ஓரத்தில் இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

மொபைல் கிரேனில் பலரும் கொக்கிக் கேமராவையே முதலில் கேட்கிறார்கள். ஒன்றுதான் வாங்க முடியுமென்றால் நான் அந்தக் கேமராவைப் பின்புறம், கிரேன் கவிழாமல் சமன் செய்யும் எதிர் எடையைப் பார்க்கும்படி வைப்பேன். கிரேன் சுழலும்போது எதிர் எடைக்கும் சுவருக்கும் நடுவில் ஆள் நசுங்கும் இடம் அது, கேபினிலிருந்து கொஞ்சமும் தெரியாது. கம்பிக்கயிறு சுற்றப்படும் உருளையான விஞ்ச் டிரம்மில் அது ஒன்றன்மேல் ஒன்று ஏறிச் சிக்குவதைக் காட்டும் சிறு கேமராவும் பயனுள்ளது. எங்கே பொருத்தினாலும், உற்பத்தியாளரின் ஒப்புதலின்றி பூமில் (கிரேனின் தூக்கும் கை) துளையிடவோ வெல்டிங் செய்யவோ கூடாது. போல்ட் கழன்றாலும் கீழே விழாதபடி கேமராவைத் தனியொரு பாதுகாப்புக் கம்பியால் பிணைத்திருக்க வேண்டும்.

லோடு செல்லும் வழியோ இறங்கும் இடமோ ஆபரேட்டருக்கு முழுமையாகத் தெரியாதபோது சிக்னல்மேன் இருந்தாக வேண்டும் என்றும், அவருடனான தொடர்பு அறுந்தால் பணியைப் பாதுகாப்பாக நிறுத்த வேண்டும் என்றும் அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு விதிகளின் 1926.1419 பிரிவு கூறுகிறது. எங்கள் பணித்திட்டத்தில் இதோடு இன்னொரு வரியைச் சேர்த்திருக்கிறோம்: படம் தெளிவாக இருக்கும்போதே வாக்கிடாக்கி செத்துவிட்டாலும் ஆபரேட்டர் லீவரிலிருந்து கையை எடுத்து, கிரேனை நிறுத்திவிட வேண்டும். கேமரா வந்த பிறகு "படம்தான் தெரிகிறதே" என்று சிக்னல்மேனை வேறு வேலைக்கு அனுப்பிவிடும் பழக்கத்தைச் சில தளங்களில் பார்த்ததால் சேர்த்தது அது.

லென்ஸைத் துடைப்பது யார் என்பதையும் எழுதி வைத்திருக்கிறோம். சிமென்ட் தூசி படிந்த டிராலிக் கேமராவை, காலையில் முதல் லோடு தூக்குவதற்கு முன், டிராலியைக் கேபின் பக்கம் இழுத்து நிறுத்தி, மின்சாரத்தைத் துண்டித்து, பாதுகாப்புப் பெல்ட்டை மாட்டிக்கொண்டுதான் துடைக்க வேண்டும்.