12,000 ரூபாய் ஊக்கத்தொகையும் கழிப்பறைக்குக் கீழே தோண்டும் குழியும்

கிராமத்தில் கழிப்பறை இல்லாத வீட்டுக்குத் தூய்மை பாரத இயக்கத்தின் ஊரகப் பிரிவு 12,000 ரூபாய் ஊக்கத்தொகை வழங்குகிறது. தமிழ்நாடு போன்ற மாநிலங்களில் இதில் 7,200 ரூபாய் மத்திய அரசின் பங்கு, 4,800 ரூபாய் மாநில அரசின் பங்கு. வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள குடும்பங்களும், அக்கோட்டுக்கு மேலுள்ளோரில் ஆதிதிராவிடர், பழங்குடியினர், சிறு குறு விவசாயிகள், வீடு மட்டும் உள்ள நிலமற்ற தொழிலாளர்கள், மாற்றுத்திறனாளிகள், பெண்களைத் தலைவராகக் கொண்ட குடும்பங்கள் ஆகியோரும் இதற்குத் தகுதி பெறுகிறார்கள். ஊராட்சி வழியாகவோ திட்டத்தின் இணையதளத்திலோ விண்ணப்பிக்கலாம். கட்டி முடித்த கழிப்பறையைப் படம் எடுத்துச் சரிபார்த்த பிறகு தொகை வங்கிக் கணக்கில் வரவு வைக்கப்படும் என்பதால், தொடக்கச் செலவுக்குக் கையில் கொஞ்சம் பணம் வேண்டும். பிரதமரின் ஊரக வீட்டு வசதித் திட்டத்தில் வீடு கட்டுவோருக்கும் கழிப்பறைக்கான இந்தத் தொகை தனியே உண்டு.

இத்தொகைக்குள் அடங்கக்கூடியது இரட்டைக் குழிக் கழிப்பறைதான். ஐந்தாறு பேர் உள்ள குடும்பத்துக்கு ஏறத்தாழ 1 மீட்டர் விட்டமும் 1 மீட்டர் ஆழமும் கொண்ட இரண்டு குழிகள் போதும். இரண்டுக்கும் இடையே குறைந்தது 1 மீட்டர் இடைவெளி வேண்டும். குழியின் உட்சுவரில் செங்கற்களுக்கிடையே சந்து விட்டுக் கட்ட வேண்டும். அடியில் சிமென்ட் பூசக் கூடாது, ஏனெனில் நீர் மண்ணில் இறங்கினால்தான் குழி வேலை செய்யும். கோப்பையிலிருந்து வரும் குழாய் ஒரு சிறு தொட்டியில் இரண்டாகப் பிரிகிறது. அதில் ஒரு வாயைச் செங்கல்லும் களிமண்ணும் வைத்து அடைத்துவிட்டு, ஒரு நேரத்தில் ஒரு குழியை மட்டும் பயன்படுத்த வேண்டும். அது நிரம்பியதும் அடைப்பை மாற்றி வைத்து இரண்டாண்டு ஆறவிட்டால், உள்ளே இருப்பது நாற்றமில்லாத எருவாகிவிடும். இதில் வாயு மண்ணிலேயே கலந்துவிடுவதால் காற்றுக் குழாய் தேவையில்லை. கொத்தனார்கள் பழக்கத்தில் ஒன்றை நட்டுவிட்டுப் போவது வீண் செலவு.

பலர் இதை நம்பாமல், பெரிதாக ஒரு குழி தோண்டி, உறை இறக்கி, மேலே மூடி போட்டு, அதையே செப்டிக் டேங்க் என்கிறார்கள். இருபது வருடமாகக் கசடு எடுக்க லாரியே கூப்பிட்டதில்லை என்று பெருமையாகவும் சொல்வார்கள். நிரம்பாத தொட்டி ஒழுகுகிற தொட்டி. அந்த நீர் பக்கத்துக் கிணற்றுக்கும் போய்ச் சேரலாம். உண்மையான செப்டிக் டேங்க் நீர் கசியாத தொட்டியாக இருக்க வேண்டும். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐஎஸ் 2470 விதிப்படி, ஐந்து பேர் பயன்படுத்தும் தொட்டிக்கு 1.5 மீட்டர் நீளம், 0.75 மீட்டர் அகலம், ஏறத்தாழ 1 மீட்டர் நீர் ஆழம் போதுமானது. வெளியேறும் குழாய், உள்ளே வரும் குழாயைவிட 50 மில்லிமீட்டர் தாழ்ந்திருக்க வேண்டும். இரண்டு முனையிலும் T வடிவக் குழாய் வைத்தால், மேலே மிதக்கும் ஏடு நீரோடு வெளியே போகாது. காற்றுக் குழாய் இங்கேதான் அவசியம்.

தொட்டியில் கசடு மட்டுமே தங்குகிறது. வெளிவரும் நீரில் நோய்க் கிருமிகள் இருக்கும். தெருச் சாக்கடையில் அதைத் திறந்துவிடுவது பரவலாக நடந்தாலும், அதற்குப் பிறகு தொட்டி கட்டிய செலவுக்குப் பொருளே இல்லை. அந்த நீரை உறிஞ்சுகுழிக்கு விட வேண்டும். அக்குழி குடிநீர்க் கிணற்றிலிருந்தும் ஆழ்துளைக் குழாயிலிருந்தும் 18 மீட்டர், குடியிருக்கும் வீட்டிலிருந்து 6 மீட்டர் தள்ளி இருப்பது நல்லது. மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மேலே ஏறும் ஊர்களில், இரட்டைக் குழியின் அடி அந்த நீர்மட்டத்துக்கு 2 மீட்டராவது மேலே இருக்க வேண்டும்; அதற்கு வாய்ப்பில்லாத இடத்தில் குழியை மேடாக்கி, அடியை அடைத்து, சுற்றிலும் அரை மீட்டர் கனத்துக்கு மணல் நிரப்பலாம். கரிசல் மண்ணிலும் பாறையிலும் நீர் இறங்காது என்பதால், செலவு செய்வதற்கு முன் ஒரு குழி தோண்டித் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பது நல்லது. குளியலறை, சமையலறை நீரை இரட்டைக் குழியில் விடாமல் தனிக் குழிக்கோ வாழைக்கோ திருப்ப வேண்டும்.

செப்டிக் டேங்கின் கசடை இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை இயந்திரம் கொண்டு எடுக்க வேண்டும். பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் ஆளை உள்ளே இறக்குவதை, மனிதக் கழிவகற்றும் தொழிலைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியுள்ளது. முதல் முறைக்கே இரண்டாண்டு வரை சிறையும் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். வேலைக்கு அழைத்த வீட்டுக்காரரும் இதற்குப் பொறுப்பாவார். லாரியின் குழாய் எட்டும் தூரத்தில் மூடி அமையும்படி, தொட்டியின் இடத்தை வீட்டு வரைபடத்திலேயே குறித்துக்கொள்ள வேண்டும்.