தீர்ப்பேற்பு: ‘அங்கீகார’த்துக்கும் ‘அமலாக்க’த்துக்கும் இடையே ஒரு சொல்

சிங்கப்பூர் நீதிமன்றத்தில் பெற்ற பணத் தீர்ப்பாணையைக் கொண்டு சென்னையில் உள்ள சொத்தை ஜப்தி செய்ய விரும்புபவர் இரண்டு படிகளைக் கடக்கவேண்டும். அத்தீர்ப்பு இங்கே செல்லுமென ஒப்புக்கொள்ளப்படுவது முதற்படி; அதன்படி பணம் வசூலாவது அடுத்தது. ஆங்கிலத்தில் இவை ‘ரெகக்னிஷன்’, ‘என்ஃபோர்ஸ்மென்ட்’ எனத் தனித்தனியே நிற்க, தமிழில் இரண்டையும் ‘அமல்படுத்துதல்’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். அதனால் முதற்படியே கண்ணுக்குத் தெரியாமல் போகிறது.

‘ரெகக்னிஷன்’ இலத்தீன் வழி வந்தது. மீண்டும் அறிந்துகொள்ளுதல் என்பது அதன் வேர்ப்பொருள். அதற்கு ஈடாக வழங்கும் ‘அங்கீகாரம்’ வடசொல், தனதாக்கிக்கொள்ளுதலைக் குறிப்பது. இவ்விரண்டையும்விட ‘ஏற்பு’ என்னும் தமிழ்ச்சொல் இவ்விடத்துக்குப் பொருந்துகிறது என்பது என் துணிபு. ‘ஏல்’ என்ற வினைக்கு ஒப்புக்கொள்ளுதல், தகுதியாயிருத்தல் என இரு பொருள்களும் உண்டு: ஒருவர் கூற்றை ஏற்கிறோம், காலத்துக்கு ஏற்ற உடை என்கிறோம். அயல்நாட்டுத் தீர்ப்பை ஒரு நீதிமன்றம் ஏற்பதும் அதன் தகுதியைப் பார்த்த பின்புதான்.

இந்தியாவில் அந்தத் தகுதியை 1908-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு வரையறுக்கிறது. அதிகாரவரம்பு இல்லாத நீதிமன்றம் வழங்கியது, வழக்கின் தகுதியை (இரு தரப்பு வாதங்களின் உண்மையையும் நியாயத்தையும்) ஆராயாமல் வழங்கியது, இயற்கை நீதிக்கு மாறான நடவடிக்கையில் பிறந்தது, மோசடியால் பெறப்பட்டது முதலிய ஆறு குறைகளில் ஒன்றிருந்தாலும் தீர்ப்பு இங்கே முடிவானதாகாது. இவற்றுள் ‘தகுதியை ஆராய்தல்’ என்பதற்குத் தெளிவு தந்தது சென்னையிலிருந்து சென்ற ஒரு மேல்முறையீடு. எழுத்து வினாக்களுக்கு விடையளிக்காத பிரதிவாதியின் எதிர்வாதத்தை நீக்கிவிட்டு இங்கிலாந்து நீதிமன்றம் தந்த தீர்ப்பு, வழக்கின் தகுதியில் வந்ததன்று என 1916-இல், அன்று இந்திய வழக்குகளுக்கு இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இலண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் கூறியது.

ஏற்பு மட்டுமே போதுமான வழக்குகளும் உண்டு. அயல்நாட்டு மணமுறிவுத் தீர்ப்பில் ஜப்தி செய்ய ஏதுமில்லை. அது செல்லுமா என்பதே கேள்வி. இந்து முறைப்படி இங்கே மணந்த இணையருக்கு அமெரிக்காவின் மிசௌரி நீதிமன்றம் வழங்கிய மணமுறிவை 1991-இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. இதை ‘அமல்படுத்த மறுத்தது’ என்று எழுதினால் நடந்தது என்னவென்றே விளங்காது.

இரண்டாம் படிக்கு வருவோம். ‘அமல்’ அரபுச் சொல். செயல் என்று பொருள்படும். சட்டத்தையும் திட்டத்தையும் அமலாக்கலாம்; தனி ஒருவர் பெற்ற தீர்ப்பாணைக்கோ ‘நிறைவேற்றம்’ என்பதே தகும். வழக்குரைஞர் பேச்சில் ‘இ.பி.’ (எக்ஸிகியூஷன் பெட்டிஷன்) எனப்படும் மனுவுக்கு ‘நிறைவேற்று மனு’ என்ற பெயர் முன்பே உள்ளது.

ஆகவே ‘தீர்ப்பேற்பு’, ‘தீர்ப்பு நிறைவேற்றம்’ என இரண்டையும் பிரித்தே வழங்கலாம். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் 1937-இல் சேர்க்கப்பட்ட 44அ பிரிவு இந்தப் பிரிவினையை நன்கு காட்டும். ஐக்கிய இராச்சியம், சிங்கப்பூர், 2020 முதல் ஐக்கிய அரபு அமீரகம் என மைய அரசு அறிவித்த நாடுகளின் மேல்நிலை நீதிமன்றத் தீர்ப்பாணையை மாவட்ட நீதிமன்றத்தில் நேரே தாக்கல் செய்து நிறைவேற்றக் கோரலாம். 13-ஆம் பிரிவின் குறை ஏதும் காட்டப்பட்டால் நிறைவேற்றம் மறுக்கப்படும். அமெரிக்கா அப்பட்டியலில் இல்லை. அங்கே பெற்ற பணத் தீர்ப்பை அடிப்படையாக வைத்து மூன்றாண்டுக்குள் இங்கே புதிய வழக்கிட்டு, இந்திய நீதிமன்றத்தின் தீர்ப்பாணையைப் பெற்ற பிறகே நிறைவேற்று மனுவுக்கு இடமுண்டு.