டைம்லைனில் போட்டால் காப்பி ஆகிவிடாது

வீடியோ எடிட்டிங்கில் இதே புலம்பல், இந்த மாதத்தில் இது மூன்றாவது. "சார், நாலு நாள் எடிட் பண்ணினது. இன்றைக்குத் திறந்தால் எல்லாக் கிளிப்பும் சிவப்பாக, மீடியா ஆஃப்லைன் என்று வருது. எந்த செட்டிங்கை மாற்றணும்?"

"ஃபூட்டேஜ் எங்கே இருக்கு?"

"டைம்லைன்லதான் சார்."

"அதற்கு முன்னால்?"

"மெமரி கார்டுல. அதான் உள்ளே போட்டாச்சேன்னு நேற்றே ஃபார்மட் பண்ணிட்டேன்."

உள்ளே என்று ஒன்று இல்லை, தம்பி! பிரீமியர் ப்ரோவோ டாவின்சி ரிசால்வோ, நீங்கள் கிளிப்பை டைம்லைனில், அதாவது கிளிப்களை வரிசையாக அடுக்கும் பட்டையில், இழுத்துப் போட்டால் எடிட்டிங் சாஃப்ட்வேர் குறித்துக்கொள்வது ஃபைல் எங்கே இருக்கிறது, எந்த பிரேமிலிருந்து எந்த பிரேம் வரை என்பதை மட்டும்தான். படம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. நம்பிக்கை இல்லையென்றால் உங்கள் பிரீமியர் ப்ராஜெக்ட் ஃபைலின் அளவைப் பாருங்கள். பெரும்பாலும் சில எம்பிதான் இருக்கும். 64 ஜிபி கார்டு அதற்குள் எப்படி அடங்கும்? வீட்டை இடித்துவிட்டு முகவரிச் சீட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறீர்கள்.

ஆப்பிளின் எடிட்டிங் சாஃப்ட்வேரான ஐமூவியில் பழகியவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அது தன் லைப்ரரிக்குள் காப்பி எடுத்துக்கொள்ளும். ஃபைனல் கட் ப்ரோவில் காப்பி எடுப்பதா, இருந்த இடத்திலேயே விடுவதா என்று தேர்ந்தெடுக்க வழி உண்டு. அதைப் படிக்காமல் ஓகே தட்டுகிறவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை.

ஃபைலை வேறு ஃபோல்டருக்கு மாற்றினாலும், பெயரை மாற்றினாலும் அதே சிவப்புதான் வரும். அதற்குப் பதற வேண்டாம், ரீலிங்க் செய்தால், அதாவது ஃபைல் இப்போது இருக்கும் இடத்தைக் காட்டினால், சரியாகிவிடும். அழித்ததை ரீலிங்க் செய்ய முடியாது.

ஆகவே முதலில் கார்டில் இருப்பதை ஃபோல்டர் அமைப்பு கலையாமல் அப்படியே ஹார்ட் டிஸ்க்கில் காப்பி எடுங்கள். தனி வீடியோ ஃபைல்களை மட்டும் பொறுக்கி எடுக்காதீர்கள். சில கேமராக்களில் நீளமான ஒரே ஷாட் பல ஃபைல்களாகப் பிரிந்திருக்கும். இன்னொரு டிஸ்க்கில் இரண்டாவது காப்பி. அப்புறம்தான் எடிட்டிங். ஃபார்மட் பண்ணும் முன் கார்டைக் கழற்றிவிட்டு ப்ராஜெக்ட்டைத் திறந்து பாருங்கள். கிளிப்கள் ஓடினால் சரி.

கிளிப்பைப் போடும்போதே நடக்கும் இன்னொரு கூத்து: முதல் கிளிப் டைம்லைனோடு பொருந்தாதபோது டைம்லைனின் செட்டிங்கை கிளிப்புக்கு ஏற்ப மாற்றவா, இருப்பதையே வைக்கவா என்று பிரீமியர் கேட்கும். அதைப் படிக்காமல் தட்டிவிட்டு, நொடிக்கு 25 பிரேம் வேலையை 30-இல் முடித்துக்கொண்டு வருவார்கள். ரிசால்வில் கிளிப்களை உள்ளே கொண்டுவந்த பிறகு ப்ராஜெக்ட்டின் பிரேம் ரேட் பூட்டிக்கொள்ளும், முதலிலேயே முடிவு செய்யுங்கள். பிரீமியரில் ஒரு கிளிப்பின் மேல் இன்னொன்றை இழுத்துப் போட்டால் அடியில் இருப்பது நறுக்கப்படும். நடுவில் நுழைக்க கன்ட்ரோல் கீயை அழுத்திக்கொண்டு போடுங்கள், மேக்கில் கமாண்ட்.

தெரியாமல் ஃபார்மட் பண்ணிவிட்டீர்களா? அந்தக் கார்டில் ஒரு போட்டோகூட எடுக்காதீர்கள், தயவுசெய்து. மேலே வேறு எதுவும் பதியாத வரை ரெக்கவரியில் கிடைக்கப் பல நேரம் வாய்ப்பு உண்டு.

நம்ம தம்பி அந்தக் கார்டிலேயே அடுத்த ஷூட்டிங்கையும் முடித்திருந்தார். நல்லவேளை, லேப்டாப் திணறுகிறதென்று ப்ராக்ஸி, அதாவது எடிட்டிங்குக்கான சிறிய அளவு நகல், போட்டிருந்தார். ஒரிஜினல் 4கே. கடைசியில் முடித்து அனுப்பியது 720பி தரத்தில், அந்த ப்ராக்ஸியை வைத்துத்தான்.