ஐகானைப் பார்த்து ஃபைலைத் திறக்காதீர்கள்

ஜெராக்ஸ் கடைக்குப் போய் வந்த பென் டிரைவில் மஞ்சள் ஃபோல்டர் ஒன்று புதிதாகத் தெரிகிறதா? டபுள் கிளிக் செய்யும் முன் 'வியூ' மெனுவில் 'டீடெயில்ஸ்' கொடுத்து, 'டைப்' என்ற பத்தியைப் பாருங்கள். 'ஃபைல் ஃபோல்டர்' என்றிருந்தால்தான் அது ஃபோல்டர். 'அப்ளிகேஷன்', 'ஷார்ட்கட்' என்றிருந்தால் தொடாதீர்கள்.

இஎக்ஸ்இ ஃபைல் என்பது திறந்ததும் ஓடும் புரோகிராம். அதன் ஐகான் அந்த ஃபைலுக்குள்ளேயே, ரிசோர்ஸ் என்ற பகுதியில் இருக்கிறது. அதில் எந்தப் படத்தை வைப்பது என்பது செய்தவர் விருப்பம். ஃபோல்டர் படமும் வைக்கலாம், பிடிஎஃப் படமும் வைக்கலாம். உண்மையான பிடிஎஃப் அப்படியல்ல. ஃபைல் பெயரின் கடைசியில், புள்ளிக்குப் பின் வரும் எக்ஸ்டென்ஷனைப் பார்த்து விண்டோஸ்தான் அதற்குப் படம் போடுகிறது. அந்த எக்ஸ்டென்ஷனை விண்டோஸ் வழக்கமாக மறைத்து வைப்பதால், 'பில்.பிடிஎஃப்.இஎக்ஸ்இ' வெறும் 'பில்.பிடிஎஃப்' என்றே தெரியும். 'வியூ' மெனுவில் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதை டிக் செய்துவிடுங்கள். ஷார்ட்கட்டின் எக்ஸ்டென்ஷன் அப்போதும் தெரியாது. அதற்காகத்தான் 'டைப்' பத்தி.

2010-இல் பென் டிரைவ் வழியாகப் பரவிய ஸ்டக்ஸ்நெட் என்ற வைரஸுக்கு டபுள் கிளிக்கும் தேவைப்படவில்லை. ஷார்ட்கட்டின் ஐகானைத் திரையில் காட்ட விண்டோஸ் முயன்றதுமே வைரஸ் ஓடியது. அந்த ஆகஸ்டில் மைக்ரோசாஃப்ட் பேட்ச் வெளியிட்டும் ஓட்டை முழுதாக அடைபடவில்லை. 2015 மார்ச்சில் இன்னொன்று வந்தது. அப்டேட்டை நிறுத்தி வைத்திருக்கும் கணினியில் பிறர் பென் டிரைவைச் செருகவே கூடாது.

ஒரு ஃபைலின் ஐகான் உங்களுக்கு வேண்டுமானால், அதை வெளியே எடுக்க ஊர் பேர் தெரியாத 'எக்ஸ்ட்ராக்டர்' எதையும் இறக்காதீர்கள். ஜிப் ஃபைல்களைத் திறக்கும் 7-ஜிப் மென்பொருள் போதும். ஃபைலின் மேல் ரைட் கிளிக் செய்து 'ஓப்பன் ஆர்கைவ்' கொடுத்தால் ஃபைல் ஓடாது, உள்ளே இருப்பது மட்டும் தெரியும். 'ஆர்எஸ்ஆர்சி' ஃபோல்டருக்குள் 'ஐகான்' இருக்கும். பிடிஎஃப் என்று வந்த ஃபைலில் இந்த ஃபோல்டர் தெரிந்தால், அது நிச்சயம் பிடிஎஃப் அல்ல.

அங்கே 16, 32, 48, 256 பிக்சல் என ஒவ்வோர் அளவும் தனித்தனிப் படமாக இருக்கும். 16-ஐ மட்டும் எடுத்து டெஸ்க்டாப்பில் போட்டால் மங்கித் தெரியும். எல்லா அளவும் ஒரே ஐகோ ஃபைலாக (ஐகான் ஃபைல்) வேண்டுமானால் ரிசோர்ஸ் ஹேக்கர் என்ற மென்பொருளில் 'ஐகான் குரூப்' பகுதியிலிருந்து சேமியுங்கள். 'ஐகான்' பகுதியிலிருந்து எடுத்தால் ஓர் அளவுதான் கிடைக்கும்.

விண்டோஸின் சொந்தப் படங்களைத் தேடி, சிஸ்டம்32-இல் உள்ள ஷெல்32.டிஎல்எல்லைத் திறந்து ஏமாறுபவர்கள் அதிகம். விண்டோஸ் 10-இன் 1903 பதிப்பு முதல் அவை சிஸ்டம்ரிசோர்சஸ் ஃபோல்டரில் ஷெல்32.டிஎல்எல்.எம்யுஎன் என்ற ஃபைலுக்கு மாறிவிட்டன. அதை டெஸ்க்டாப்புக்குக் காப்பி எடுத்து, அந்தக் காப்பியைத் திறங்கள்.